நடக்கும்போது மட்டும் நாடி எகிறுகிறது: அப்பாவுக்காகச் செய்த கைப்பட்டை, உதவி தேவை

சாலிடர்புகை எழுதியது:

அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். "தினமும் நடங்கள், நாடி 110-ஐத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடங்கள்" என்பது டாக்டர் சொன்னது. கடையில் வாங்கிய வாட்ச் அவருக்கு ஒத்துவரவில்லை. எழுத்து பொடிசு. திரையைத் தட்டினால்தான் எண் தெரியும், விரல் வியர்த்திருந்தால் தட்டினாலும் தெரியாது. அதனால் நானே ஒன்று செய்தேன்.

வெளிச்சத்தால் நாடி அளக்கும் மேக்ஸ்30102 சென்சார் போர்டு, அதை இயக்க இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி சிப், சின்ன லித்தியம் பேட்டரி, பெரிய எண் தெரிகிற ஓலெட் திரை, 110-ஐத் தாண்டினால் அதிர்கிற மோட்டார். வியர்வை படக்கூடாது என்று சென்சார் மேல் 2 மி.மீ. கண்ணாடி அக்ரிலிக் ஒட்டியிருக்கிறேன். பெட்டி 3டி பிரிண்ட், பட்டை ஒரு பழைய வாட்சின் தோல் பட்டை. வினாடிக்கு 100 அளவீடு எடுத்து, 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை (நிமிடத்துக்கு 30 முதல் 240 துடிப்பு) மட்டும் பில்டரில் விட்டு, அலையின் மேடுகளை எண்ணி நிமிடக் கணக்காக மாற்றுகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் 68, 70. கையால் பிடித்து எண்ணினாலும் அதேதான் வருகிறது. நடக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே 112, 114. நின்றால் இருபது வினாடியில் 85-க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

தெருமுனைப் பிள்ளையார் கோயில் வருவதற்குள் பட்டை அதிர்கிறது. அப்பா பயந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். "அது அதிருதுடா, எனக்கு உள்ள என்னமோ ஆகுது" என்கிறார். மூன்று நாளாக நடக்கவே போகவில்லை. அவரை நடக்க வைக்கத்தான் இதைச் செய்தேன், இதுவே அவரை உட்கார வைத்துவிட்டது. பில்டரை மூன்று விதமாக மாற்றிப் பார்த்தேன், எண் மாறவில்லை. புரோகிராமில் இன்னும் என்ன செய்யலாம்?

பச்சைவெளிச்சம் எழுதியது:

நண்பரே, புரோகிராமைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அப்பா நடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். 114-ஐ ஒட்டி வந்தால், உங்கள் பட்டை எண்ணுவது நாடியை அல்ல, காலடியை. ஆறு வருடமாகக் கைப்பட்டை சென்சார்களோடுதான் வேலை செய்கிறேன், இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் இது.

சென்சார் தோலுக்குள் வெளிச்சம் அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும், திரும்பும் வெளிச்சமும் அதோடு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மணிக்கட்டில் மொத்த வெளிச்சத்தில் ஒரு சதவீதத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். கை வீசும்போது பட்டை தோல்மேல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ரத்தக் குழாயில் தேங்கிய ரத்தம் அலைந்தாலும் வருகிற மாற்றம் அதைவிடப் பல மடங்கு. 114 அடி என்றால் 1.9 ஹெர்ட்ஸ். உங்கள் பில்டர் கதவைத் திறந்து வைத்திருக்கிற இடத்தின் நடுவிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. மனித நாடியும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் ஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வெட்டுகிற எந்த பில்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பட்டையை நீங்களே கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். போனில் தாளம் தட்டும் ஆப்பை 100-இல் வைத்து, அதற்கேற்பக் கையை ஆட்டுங்கள். உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பட்டை 100 காட்டினால் விஷயம் முடிந்தது.

அடுத்தது அந்த அக்ரிலிக். அதைப் படித்ததும் எனக்கு உடனே உறுத்தியது. எல்இடிக்கும், திரும்பும் வெளிச்சத்தை உணரும் டயோடுக்கும் மேலே ஒரே கண்ணாடித் துண்டு இருந்தால், வெளிச்சம் தோலைத் தொடாமலே கண்ணாடிக்குள் பக்கவாட்டில் ஓடி டயோடுக்கு வந்துவிடும். அதில் நாடி துளியும் கிடையாது, வெறும் வெளிச்சம். இருட்டறையில் சென்சாரை மேலே பார்த்து வைத்து, எதிரே ஒன்றும் இல்லாமல் அளவைப் பாருங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும். அக்ரிலிக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இந்த சிப்பில் ஏற்கெனவே கண்ணாடி மூடி இருக்கிறது. சுற்றியுள்ள போர்டை மட்டும் கறுப்பு சிலிக்கோனால் அடைத்தால் வியர்வைக்குப் போதும்.

பெட்டியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா? சென்சார் ஒரு மில்லிமீட்டராவது வெளியே துருத்தித் தோலில் பதிய வேண்டும். தோல் பட்டையும் வேண்டாம். அதில் ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி, ஒன்று தொளதொள என்றிருக்கும், இல்லை இறுக்கிவிடும். தொளதொள என்றிருந்தால் வெளி வெளிச்சம் நுழையும், ரொம்ப இறுக்கினால் தோலடியில் ரத்தமே ஓடாது. இழுபடும் துணிப்பட்டை, வெல்க்ரோ. மணிக்கட்டு எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள், எலும்பின் மேல் வேண்டாம்.

அப்புறம் கையின் அசைவை அளக்க ஒரு முடுக்கமானி, எம்பியூ6050 போதும். கை ஒருமுறை முன்னும் பின்னும் போய்வர இரண்டு அடி ஆகும். அதனால் 57-லும் 114-லும் இரண்டு இடத்தில் குழப்பம் வரும். நாடி என்று நீங்கள் கண்டுபிடித்த எண் இந்த இரண்டில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டால் திரையில் எண்ணைக் காட்டாதீர்கள், இரண்டு சின்னக் கோடு போடுங்கள், மோட்டாரையும் அதிர விடாதீர்கள். அப்பா பயந்தது நாடியைப் பார்த்து அல்ல, சந்தேகமான எண்ணை நிச்சயம் போலக் காட்டிய திரையைப் பார்த்துத்தான்.

உங்கள் சென்சாரில் இருக்கிற சிவப்பு, அகச்சிவப்பு எல்இடிகள் விரல் நுனிக்கு நன்றாக வேலை செய்யும். மணிக்கட்டுக்குப் பச்சை எல்இடிதான் நல்லது. ரத்தம் பச்சையை நன்றாக உறிஞ்சும், ஆழம் போகாது என்பதால் அசைவின் தொல்லையும் குறைவு. மேக்ஸ்30101-இல் பச்சை இருக்கிறது, புரோகிராமில் அதிக மாற்றம் தேவைப்படாது.

வார்டுஅக்கா எழுதியது:

தம்பி, எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, இருபது வருடமாக நாடி பிடித்திருக்கிறேன். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் இருந்தால் சமதரையில் மெதுவாக நடந்து இரண்டே நிமிடத்தில் 114 என்பது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கையால் எண்ணுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியே அதில் தெரியும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். நின்ற உடனே 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். தாமதித்தால் இறங்கிவிடும்.

எண்ணும்போது இடைவெளி சீராக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தாறுமாறாக இருந்தால் எந்தப் பட்டையின் சராசரியையும் நம்பாமல் ஈசிஜி எடுங்கள். நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குதல், தலைசுற்றல் இருந்தால் திரையில் 70 இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

துணிப்பட்டை எழுதியது:

வெல்க்ரோ விஷயத்தில் ஒன்று. என் அம்மாவுக்குச் செய்தபோது முனையில் ஒரு சின்ன வளையம் தைத்துக்கொடுத்தேன், விரலை நுழைத்து ஒரு கையாலேயே இழுத்து ஒட்டிவிடுவார். சரியான இறுக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டேன். அதுவரை இழுத்தால் போதும், தினமும் ஒரே இறுக்கம். சார்ஜ் போடும் முனை பொடிசாக இருந்தால் பெரியவர்கள் நாலு நாளில் கழற்றி வைத்துவிடுவார்கள், அதையும் பாருங்கள்.

சாலிடர்புகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் அடி நிமிடத்துக்கு 113. நாற்காலியில் உட்கார்ந்து தாளத்துக்குக் கையை ஆட்டினேன், பட்டை 100 காட்டியது. 90-க்கு மாற்றினேன், அதுவும் பின்னாலேயே 90-க்கு வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டறையில் அக்ரிலிக்கோடு 41 ஆயிரத்துச் சொச்சம் வந்தது, அதுவும் எதிரே ஒன்றுமே இல்லாமல். கழற்றியதும் ஆயிரத்துக்கும் கீழே. நான் இத்தனை நாள் பில்டர் செய்ததில் பெரும்பகுதி கண்ணாடிக்குள் ஓடிய வெளிச்சம்.

அக்கா, பீட்டா பிளாக்கர் இருக்கிறது. கோயில் வாசலில் நிறுத்தி நீங்கள் சொன்னபடி எண்ணினேன்: 22, நாலால் பெருக்கினால் 88. இடைவெளி சீராகத்தான் இருந்தது. ஆனாலும் டாக்டரிடம் காட்டினோம், ஈசிஜி எடுத்துப் பார்த்து, பயமில்லாமல் நடக்கச் சொன்னார்.

இப்போது துணிப்பட்டை, வளையம், சிவப்புத் தையல் எல்லாம் அம்மா தைத்தது. முடுக்கமானியும் சேர்த்துவிட்டேன். நேற்று நடையின் பாதி நேரம் திரையில் கோடுதான் இருந்தது, வந்த எண்கள் 84-க்கும் 90-க்கும் நடுவில். கோடு வந்தால் என்ன அர்த்தம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொடுத்தேன். "அதுக்கே தெரியலைன்னா சொல்லிடுது, நல்லது" என்றார். ரேஷன் கடை வரை போய்த் திரும்பினார்.

மேக்ஸ்30101 ஆர்டர் போட்டிருக்கிறேன். கோடு வரும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து இங்கேயே எழுதுகிறேன்.