உப்புக்காற்றில் ஹீ-மேன்: கரையோரத்தில் கிடைக்கும் பழைய பொம்மைகள், அனுபவப் பகிர்வு

மண்டபம் கரை

தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் ஓடிய காலத்துப் பொம்மைகள் ராமநாதபுரக் கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இன்னும் பரண்களில் கிடக்கின்றன. எந்த நிலையில் கைக்கு வந்தது, எது கெட்டிருந்தது, என்ன செய்ததில் பிழைத்தது என்பதை மட்டும் இங்கே போடுங்கள். சின்ன வயசுக் கதை வேண்டாம், அது எல்லோரிடமும் ஒன்றுதான்.

நானே தொடங்குகிறேன். நம் பக்கம் இந்தப் பொம்மையை முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். அஞ்சரை அங்குலப் பொம்மையின் இடுப்பைப் பக்கவாட்டில் திருகி விட்டால் தானாகச் சுழன்று திரும்பிக் குத்து விட வேண்டும். அதற்கு உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பாம்பன் பாலத்து இரும்புக்கே ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்க வைத்த காற்று இது. வயிற்றுக்குள் இருக்கிற அந்தச் சுருளை மட்டும் விட்டு வைக்குமா? பெயிண்ட் பளபளவென்று இருக்கும், இடுப்பு இடுக்கில் மட்டும் காவி நிறத்தில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் சுருள் துரு. விலையை அதற்குத் தக்கபடி பேசுங்கள்.

விற்பவர் முன்னால் திருகிப் பார்ப்பதற்கும் முறை உண்டு. முதலில் கால்வாசித் திருப்பு. நறநறவென்று கேட்டால் உள்ளே மணல், நிறுத்திவிடுங்கள். மணலோடு முழுசாகத் திருப்பினால் இடுப்பு உரசிக் கீறல் விழும், துருப்பிடித்த சுருள் உடைந்தும் போகும். கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பல்பால் இடுக்கில் நாலு பக்கமும் ஊதி, தலைகீழாகத் தட்டி, பிறகு திருப்புங்கள்.

கீழக்கரை சபராளி

வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பும் சபராளிகள் பெட்டியில் வந்து இறங்கிய பொம்மைகள் எங்கள் ஊரில் அதிகம். அதனால் ஒரே அலமாரியில் இரண்டு மூன்று நாட்டு முத்திரை கலந்து கிடக்கும். முதுகைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த மேட்டல் கம்பெனியின் பெயர், ஒரு வருஷம், நாட்டின் பெயர் இருக்கும்: மலேசியா, தைவான், மெக்சிகோ, பிரான்ஸ். ஹீ-மேன் முதுகில் 1981 என்று இருப்பதைப் பார்த்து "எண்பத்தொன்றில் செய்தது, ரொம்பப் பழசு" என்று விலை ஏற்றுவார்கள். அது காப்புரிமை வருஷம். பொம்மை கடைக்கு வந்ததே 1982-இல்தான். அதே அச்சில் பல வருஷம் வார்த்தார்கள், முத்திரை மாறவில்லை.

தொடரைப் பார்த்துப் பொம்மை செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. பொம்மை முதலில், ஃபில்மேஷன் கம்பெனியின் கார்ட்டூன் தொடர் 1983-இல். அதனால்தான் இரண்டும் பொருந்தாத இடங்கள் இருக்கின்றன. தொடரில் ஹீ-மேன் கையில் முழு வாள். பொம்மையோடு வந்ததோ பாதி வாள், ஒரு பக்கம் தட்டை. வில்லன் ஸ்கெலிட்டர் கையில் இருக்கிற ஊதா நிறப் பாதியோடு ஒட்ட வைத்தால் முழு வாள் ஆகும். இது தெரியாமல் "வாள் உடைஞ்சு போச்சு" என்று மலிவாகத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்காமல் வாங்கி வையுங்கள்.

ஹீ-மேனுக்கு முழு செட் என்றால் சாம்பல் நிறத்தில் மார்புப்பட்டை, கோடரி, கேடயம், பாதி வாள். ஸ்கெலிட்டருக்கு ஊதா மார்புக்கவசம், ஆட்டுத்தலைக் கோல், பாதி வாள்.

இந்தியாவிலேயே லியோ கம்பெனி பெயரில் விற்றதும் கிடைக்கும். திருவிழாக் கடையில் விற்ற காற்றூதி வார்த்த நகல் அதைவிட அதிகம். வேறுபாடு கையில் எடுத்ததுமே தெரியும். நகல் மொத்தமும் பொள்ளல், எடையே இருக்காது, பக்கவாட்டில் அச்சுக்கோடு விரலை அறுக்கும், இடுப்பு திரும்பாது.

பாம்பன் 1914

கழுவுவது பற்றி. வாங்கியதும் வாளியில் முக்குகிறவர்கள்தான் பாதிப் பொம்மையைக் கொல்கிறார்கள். இடுப்பு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை.

செய்ய வேண்டியது: கை பொறுக்கும் வெந்நீர் ஒரு கிண்ணம், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷை நனைத்து, உதறி, பிறகு தேய்க்கணும். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக் காலைத் தேய்க்காதீர்கள், நீர் வழிந்து நேரே இடுப்புக்குத்தான் போகும். கடைசித் துடைப்புக்குக் கேன் தண்ணீர். நம் ஊர்க் கிணற்று நீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பூத்த இடம் மறுபடியும் ஈரம் இழுக்கும். தவறி உள்ளே நீர் போய்விட்டால் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள், அப்புறம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு வாரம். வெயிலில் வைக்க வேண்டாம், கால் இரண்டும் மெதுபிளாஸ்டிக், வளைந்துவிடும்.

நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் பொம்மை இருக்கும் அறைக்கே கொண்டு வராதீர்கள். மஞ்சள் முடி, பெல்ட் எல்லாம் மேல் பெயிண்ட்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுப்பாக்குகிற வேலையும் இதற்கு வேண்டாம்.

தேவிபட்டினம் நவபாஷாணம்

கால் தொங்குகிற பொம்மைதான் இங்கே அதிகம் வருகிறது. காரணம் ஒன்றுதான். தொடையின் உச்சியில் ஒரு கொக்கி, இரண்டு கொக்கியையும் இடுப்புக்குள் இழுத்துப் பிடிக்கிற ரப்பர். நாற்பது வருஷ வெக்கையில் அந்த ரப்பர் இறுகி வெடித்துவிடும், இல்லாவிட்டால் கொக்கி நழுவியிருக்கும். இரண்டில் எது என்று டார்ச் அடித்துத் தொடைக்குழிக்குள் பாருங்கள்.

நழுவியது என்றால் சுலபம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இடுப்பில் அஞ்சு நிமிஷம் சுற்றி வையுங்கள். குரோஷா ஊசியை உள்ளே விட்டு ரப்பரைக் குழிவாய் வரை இழுத்து, கொக்கியை மாட்டி, மெல்ல விடுங்கள். ஊசி நழுவினால் ரப்பர் உள்ளேயே அறுந்துபோகும், அவசரம் கூடாது.

அறுந்திருந்தால் உடம்பைப் பிரிக்கணும். பக்கவாட்டு ஒட்டு இருக்கிற இடத்தில் அதே சூடான துணி, பிறகு மெல்லிய பிளேடு, அக்குளுக்குக் கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. நெம்பக் கூடாது, நெம்பினால் பிளாஸ்டிக் வெளிறிக் கோடு விழும், அந்தக் கோடு போகாது. திறந்த கையோடு சுருளையும் பாருங்கள். மேல்துரு என்றால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஊசி முனையில் ஒரே ஒரு துளி. வழிந்து ரப்பரைத் தொட்டால் ரப்பர் ஊதிக் கெடும்.

புது ரப்பருக்கு மோட்டார் ரிப்பேர் கடையில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் கேளுங்கள். பழைய துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டி, அதே அளவு ஒன்று, ஒரு அளவு சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று மூன்று வாங்கிவிடுங்கள். தடிமன் கூடினால் உடம்பு மூடாது, குறைந்தால் பொம்மை நிற்காது. கடைப் பொட்டல ரப்பர் பேண்ட் வேண்டாம், நம் வெக்கையில் சில மாதம்தான்.

தொண்டி புதுசு

அண்ணே, தங்கூசி (தூண்டில் நைலான் இழை) போட்டுக் கட்டினால் என்ன? வீட்டில் ரோல் ரோலாகக் கிடக்கிறது.

தேவிபட்டினம் நவபாஷாணம்

தம்பி, தங்கூசி இழுத்தால் நீளாது. காலை நகர்த்தும்போது நீள வேண்டியது அதுதான். நீளாத இழை மெதுபிளாஸ்டிக் கொக்கியை அறுத்துவிடும். ரப்பர் போனால் மாற்றலாம், கொக்கி போனால் கால் போச்சு.

ஏர்வாடி பரண்

வைப்பது பற்றி யாரும் பேசவில்லையே. பீரோவில் துணியோடு வைத்து அந்துருண்டை போடுகிற வீட்டுப் பொம்மை எப்படி இருக்கும் தெரியுமா? கையில் எடுத்தால் பிசுபிசுவென்று விரல்ரேகை பதியும். அந்த ஆவி பிளாஸ்டிக்கை இளக்குகிறது. பூச்சிக்குப் பயந்து பொம்மையைக் கெடுத்த கதை. மெதுபிளாஸ்டிக் கால் தனியாகவே பிசுக்கு விடும், அதற்குள் கலந்த எண்ணெய் வெளியே வருவதால். இரண்டையும் குழப்பாதீர்கள்: கால் மட்டும் பிசுக்கு என்றால் சோப்பு நீர் போதும், மார்பும் பிசுக்கு என்றால் அந்துருண்டை.

கால் படும்படி கேடயத்தையோ கவசத்தையோ சேர்த்துக் கட்டி வைக்க வேண்டாம், தொட்ட இடத்தில் பள்ளம் விழும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஏறும். வெள்ளைக் காகிதம் சுற்றி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். 20 லிட்டர் டப்பாவுக்கு நான் போடுவது 50 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற வகை. நிறம் மாறியதும் காலி வாணலியில் சிறு தீயில் பழைய நிறம் வரும் வரை வறுத்து, ஆற வைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் டப்பாவைத் திறக்காதீர்கள், ஆசை இருந்தாலும். வாடை தொடங்கும் முன் ஒரு முறை வறுத்துவிடுங்கள்.

சிறு காமிக்ஸ் புத்தகம் கூட வந்திருந்தால் அதற்குத் தனி உறை. ராமபாணப் பூச்சிக்கு அந்தக் காகிதம் பிடிக்கும்.

தொண்டி புதுசு

அதே வரிசையில் மாஸ் மேன் பொம்மை ஒன்று வந்திருக்கிறது. உடம்பெல்லாம் பச்சைப் பஞ்சு, அதில் வெள்ளைப் புள்ளி. துடைக்கலாமா?

கீழக்கரை சபராளி

தண்ணீர் தொடவே கூடாது, பஞ்சு பசையில் நிற்கிறது. புள்ளி பூஞ்சை. சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் மூடி வை, காய்ந்த பின் முற்றத்தில் மூக்கைக் கட்டிக்கொண்டு உலர்ந்த மேக்கப் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டு. 1985-இல் வந்தபோது அதற்குப் பைன் மர வாசனை. உன்னிடம் இருப்பதில் போயிருக்கும். போகட்டும் என்று விடு, நீலகிரித் தைலம் தடவிவிடாதே, பசை இளகிப் பஞ்சு கொத்தாக உதிரும்.

தொண்டி புதுசு

தடவியாகிவிட்டது காக்கா.

கீழக்கரை சபராளி

எங்கே, எவ்வளவு? முதுகுப்பக்கம் படம் எடுத்துப் போடு. அதுவரை விரலால் அழுத்தாதே, பசை திரும்ப இறுக இரண்டு நாள் ஆகட்டும்.