அம்மாவுக்கு நீச்சல் உடை: சென்னையில் எங்கே வாங்கலாம்?

தோழிகளே, ஓர் உதவி. அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி. தண்ணீரில் நடந்தால் மூட்டில் பாரம் குறையும் என்று டாக்டர் சொன்னதால் நீச்சல் குளத்தில் சேர்க்கப் போகிறேன். அம்மாவும் ஆசையாக இருக்கிறார், உடைதான் தடை. பருத்திச் சுடிதாருக்கு அங்கே அனுமதி இல்லை. நனைந்தால் கனத்துவிடும், சரிதான்.

கை, கால் மூடியிருந்தால்தான் அம்மா கூச்சமில்லாமல் இறங்குவார். கடையில் பார்த்ததெல்லாம் பின்பக்க ஜிப். தோளைத் திருப்ப முடியாதவர் எப்படிப் போடுவார்? முன்பக்க ஜிப் வேண்டும், அல்லது மேலும் கீழும் தனித்தனியாக. இடுப்பு 42 அங்குலம். லைக்ரா என்கிற இழுபடும் இழை குளத்துக் குளோரினில் சீக்கிரம் தளர்ந்துவிடும், அதனால் பாலியஸ்டர் அதிகமுள்ள துணி நல்லது.

அவசரமில்லாமல் போட்டுப் பார்க்க விடுகிற, விற்பனையாளர்களாகப் பெண்கள் இருக்கிற கடை எது? அப்புறம், அளவெடுத்துத் தைத்துத் தருபவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.