மறு: உலோகத்தின் ‘ஃபட்டீக்’: நாளை வகுப்புக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். தமிழ்வழி இயந்திரவியல் மாணவர்களுக்கு நாளைக் காலை பாடம். 2005 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் மயாமியில் விழுந்த சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ் 101 விமான விபத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். 1947-இல் கட்டிய கிரம்மன் மல்லார்ட் நீர்விமானம். பஹாமாஸின் பிமினித் தீவுக்குக் கிளம்பிய சற்று நேரத்தில் வலது இறக்கை பிய்ந்து போய், இருந்த 20 பேரும் இறந்தார்கள். இறக்கையின் அடித்தகட்டில் நெடுநாள் வளர்ந்த ஃபட்டீக் விரிசல்தான் காரணம், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கியே உலோகம் தளர்ந்து விட்ட விரிசல். ‘அயர்ச்சி’ என்று போடலாமா?
– செ.

தம்பி, வேண்டவே வேண்டாம். சங்கப் பாட்டில் அயர்தல் என்றால் ஆடுவது, கொண்டாடுவது. வெறி அயர்தல், விருந்து அயர்தல். இறக்கை அங்கே விழாவா எடுத்தது? யகரம் சகரமாவது தெரிந்ததுதானே, நேயம் நேசம், நெயவு நெசவு, அப்படிப் பார்த்தால் அயர்தான் அசர், ‘அசந்து தூங்கினான்’ என்கிறோமே அது, அதிலிருந்து அசதி. ‘உலோக அசதி’ என்று வையுங்கள்.
– இரா.

ஐயா, அசதி என்றால் வகுப்பே சிரிக்கும். அசதி, சோர்வு, களைப்பு எல்லாமே படுத்து எழுந்தால் போய்விடும். உலோகத்துக்கு ஓய்வு கொடுத்தால் விரிசல் மூடுமா? கயிறு ‘இத்துப்போச்சு’ என்று ஊரே சொல்கிறது. இற்றல். குறளிலேயே ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ இருக்கிறது.
– க.

அம்மா, இற்றல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் குறளில் அச்சு முறிவது ‘சால மிகுத்துப் பெயின்’, அதாவது பாரம் அளவு மீறினால். இங்கே தாங்கக்கூடிய சுமைதான், திரும்பத் திரும்ப ஏறி இறங்கியே முறித்தது, கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதுபோல. துருப்பிடித்த தகரமும் இற்றுத்தான் போகிறது, பையன்கள் அரிமானத்தோடு குழப்பிக்கொள்வார்கள். இந்த விமானத்தில் இறக்கைக்குள்ளேயே எரிபொருள். ஒழுகும்போதெல்லாம் அடைப்புப் பசை பூசினார்கள், அதன் அடியில் விரிசல் கண்ணில் படாமல் வளர்ந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நிறுவனத்தின் பராமரிப்பையும், அதைக் கவனிக்கத் தவறிய அரசின் விமானத் துறையையும் சேர்த்தே குறை சொன்னது. இதையெல்லாம் நான் விளக்கியாக வேண்டும், சொல்லிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.
– செ.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மல்லார்டுக்குச் சக்கரமும் உண்டு, தரையிலும் இறங்கும். அதை எப்படி நீர்விமானம் என்பது? ‘நிலநீர் விமானம்’ என்றால்தான் சரி.
– வே.

சரி, அதைத் தனி இழையில் பேசுவோம், தயவுசெய்து.
– க.

மணி பதினொன்றரை. அயர்ச்சிக்கு மூன்று பேர் தனிமடலில் சரி சொல்லிவிட்டார்கள். அயர்ச்சி என்றே எழுதி, பக்கத்தில் ஃபட்டீக் என்றும் போடுகிறேன். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு.
– செ.

தனிமடலில் வாக்கெடுப்பா? நான் ஒப்பவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள் தம்பி. நன்னூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையில் போலி (ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து வருவது) பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.
– இரா.