பொருள்: ‘மெலிசோபேலினாலஜி’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,

தேன் ஆய்வகக் கையேட்டுக்காக இந்தச் சொல் வேண்டியிருக்கிறது. தேனில் கிடக்கும் மகரந்த மணிகளை இனம் கண்டு எண்ணி, அது எந்தப் பூவின் தேன், எந்த நிலத்துத் தேன் என்று சொல்லும் துறை இது.

செய்முறை: தேனை முதலில் நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலாக மொண்டால் எண்ணிக்கை ஏமாற்றும். 10 கிராம் எடுத்து 20 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மையவிலக்கியில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை வடித்து, மறுபடி நீர் விட்டு 5 நிமிடம் சுற்ற வேண்டும். அடியில் தங்கும் வண்டலை ஸ்லைடில் பரப்பி உலர்த்தி, கிளிசரின் ஜெலாட்டின் இட்டு மூடி, குறைந்தது 300 மணிகளாவது எண்ண வேண்டும்.

கைவசம் மூன்று சொற்கள்: தேன் மகரந்தவியல், தேனீ மகரந்தவியல், தேன்தாதியல். உங்கள் கருத்து?

*

> தேனீ மகரந்தவியல்

கிரேக்கத்தில் ‘மெலிஸ்ஸா’ தேனீதான். ஆனாலும் இது வேண்டாம். தேனீ காலில் உருட்டி வரும் மகரந்த உருண்டையை, கூட்டு வாசலில் பொறி வைத்துச் சேகரித்து ஆராய்வது வேறு வேலை. நாம் ஆராய்வது தேனை.

> தேன்தாதியல்

காதுக்கு இனிமை, சங்கத் தமிழில் வண்டு ‘தாதுண் பறவை’தான். இன்று தாது என்றால் கனிமம். தேனில் கனிம அளவையும் பார்க்கிறார்கள், அதுவும் தேனின் மூலத்தை அறியத்தான். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் படிப்பவர் குழம்புவார். போதாததற்கு இலங்கையில் தாதியர் என்றால் செவிலியர்!

*

ஐயா, மகரந்தத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் ‘மகரந்த’ என்றால் பூவின் தேன். தூளுக்குப் ‘பராக’ என்று பெயர். வேர் பார்த்தால் ‘தேன் மகரந்தவியல்’ தேன்-தேனியல் ஆகிவிடும். தமிழில் ‘பூந்தாது’ என்று அடை சேர்த்தால் கனிமக் குழப்பம் தீரும். ‘தேன் பூந்தாதியல்’ என்பது என் முன்மொழிவு.

இதைவிட முக்கியமானது துணைச்சொற்கள். எண்ணிய மணிகளில் 45 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது ‘மேலோங்கு மகரந்தம்’, 16 முதல் 45 வரை ‘இரண்டாம் நிலை’, 3 முதல் 15 வரை ‘சிறுபங்கு’, அதற்கும் கீழே ‘அருகிய மகரந்தம்’ எனலாம். பெரும்பாலும் ஒரே செடியிலிருந்து வரும் ‘யூனிஃப்ளோரல்’ தேனை ‘ஒருமலர்த் தேன்’ என்று எழுதி வருகிறார்கள். அது குமரி மாவட்டத்து மார்த்தாண்டத் தேனில் இடறும்.

குமரி மாவட்டத்து ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. இலையுதிர்ந்து தளிர்க்கும் சனவரி–மார்ச்சில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்துச் சுரப்பிகளில் துளிர்க்கும் நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. ஸ்லைடில் ரப்பர் மகரந்தம் தேடினால் அரிதாகவே கிடைக்கும். தென்னையும், நான்கு நான்காக ஒட்டிய தொட்டாற்சுருங்கி மணிகளும் முன்னால் வந்து நிற்கும். எண்ணிக்கையை மட்டும் நம்புகிறவர் அதைத் தொட்டாற்சுருங்கித் தேன் என்று எழுதிவிடுவார். மலர் என்ற சொல் அங்கே பொய். ‘ஒருதாவரத் தேன்’ என்றால் ரப்பருக்கும் பொருந்தும்.

*

ஒருதாவரத் தேன் – ஏற்கிறேன். அதோடு ‘மிகைவரவு’, ‘குறைவரவு’ (தேனில் அந்தச் செடியின் பங்கைவிட அதன் மகரந்தம் மிகுந்தோ குறைந்தோ வருவது) இரண்டையும் சேருங்கள். செஸ்ட்நட் மரம் மகரந்தத்தைக் கொட்டுவதால் 90 விழுக்காடு அளவுக்கு இருந்தால்தான் அது செஸ்ட்நட் தேன். ஆரஞ்சுக்கு 10–20 போதும். அந்த 45 எல்லாவற்றுக்கும் பொருந்தும் கோடு அன்று. கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பிழிந்த தேனுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். அடையைப் பிழியும்போது தேனீ சேமித்த மகரந்தமும் சேர்ந்து இறங்கும். 10 கிராமில் 10 லட்சம் மணிகளைத் தாண்டும். அப்போது விழுக்காடு மதுரத்தின் (செடி சுரக்கும் இனிப்பு நீரின்) அளவைக் காட்டாது, கூட்டின் மகரந்தக் கையிருப்பைத்தான் காட்டும். மிக நுண்ணிய வடிகட்டியில் போன தேன் இதற்கு நேர்மாறு, எண்ண ஒன்றுமே இராது. சர்க்கரைப் பாகு கலப்படத்தையும் இந்த முறை பிடிக்காது. கரும்பு, சோளப் பாகுக்குக் கார்பன் ஓரகத்தனிமச் (ஐசோடோப்) சோதனை இருக்கிறது, அரிசிப் பாகு அதற்கும் தப்பிவிடும்.

தலைச்சொல்லைப் பொறுத்தவரை பூந்தாது அழகுதான். ஆனால் பள்ளிப் பாடத்தில் ‘மகரந்தச் சேர்க்கை’ படித்து வந்த பிள்ளைதான் ஸ்லைடு முன்னால் உட்காரப் போகிறது. வடமொழி வேரில் என்ன பொருள் என்று அது கேட்காது. என் வாக்கு ‘தேன் மகரந்தவியல்’.

*

அப்படியே ஆகட்டும். தலைப்பில் ‘தேன் மகரந்தவியல்’, சொல்லடைவில் ‘தேன் பூந்தாதியல் – காண்க: தேன் மகரந்தவியல்’. ரப்பர் தேன் பத்தியைப் படத்தோடு அனுப்புங்கள். இலைக்காம்புச் சுரப்பி தெளிவாகத் தெரிய வேண்டும்.