தலீத்தா கூமியா, தலித்தா கூமா? அரமேயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். மாற்கு 5:41ல யவீருவோட செத்துப்போன பொண்ணு கையைப் பிடிச்சு இயேசு அவர் பேசின அரமேய மொழியில சொல்றது ("சிறுபெண்ணே எழுந்திரு"ன்னு அர்த்தம்) நம்ம பழைய பைபிள்ல "தலீத்தாகூமி", ஆனா திருவிவிலியத்துல "தலித்தா கூம்". தேடிப் பார்த்தா சினாய்டிகஸ், வத்திக்கானுஸ்னு 4ம் நூற்றாண்டு கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல "கூம்"னுதான் இருக்கு, பிந்தின நிறைய பிரதிகள்ல "கூமி". இலக்கணப்படி பொண்ணுகிட்ட சொல்றதா இருந்தா "கூமி"தான் சரி, ஆனா பேச்சுல அந்தக் கடைசி "இ" விழுந்துடுமாம், அரமேயத்தோட ஒரு வகையான சுரியானிலயும் எழுத்துல இருக்கும் வாசிக்கும்போது வராதாம். அப்போ மாற்கு காதுல விழுந்த மாதிரியே எழுதியிருக்கார்னுதான் எனக்குத் தோணுது, 12 வயசுப் பிள்ளைகிட்ட அது வீட்டுல கேட்டுப் பழகின பேச்சுலயே பேசியிருக்கார்ங்கறது மனசை ரொம்பத் தொட்டுச்சு.

"தலீத்தா"க்கு ஆட்டுக்குட்டின்னும் அர்த்தம்னு பிரசங்கத்துல சொல்றாங்களே, எபிரேயத்துல "தாலே"ன்னா ஆட்டுக்குட்டிதான், வேரும் ஒண்ணுதான், ஆனா அன்னைக்கு அந்த அறைல நின்னவங்களுக்கு அப்படித் தோணியிருக்குமா? அப்புறம் கேரளா சுரியானி சபைக்காரங்க யாராவது இருந்தா பெஷீத்தால (சுரியானி பைபிள்) இந்த வசனத்தை எப்படி வாசிப்பீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க ப்ளீஸ், வர்ற ஞாயிறு வாலிபர் கூட்டத்துல இந்தப் பகுதிதான் எடுக்கப்போறேன்.