டர்பனில் அமுங்கும் பட்டன் ஜோபர்க்கில் எழும்புகிறது: மூடியா, சென்சாரா, காப்புரிமையா?

அச்சார்_சாட்ஸ்வர்த் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மாங்காய் அச்சார், 380 மி.லி. கண்ணாடி ஜாடி, 63 மி.மீ. தகர மூடி, உள்ளே ஜாடி மரையைப் பிடிக்கும் நாலு காது, நடுவில் வாக்குவம் இருந்தால் அமுங்கி நிற்கும் பட்டன். ஒரு நாளைக்கு 600 ஜாடி. மசாலா பிரட்டிய துண்டுகளை அறைச் சூட்டிலேயே நிரப்பி, மேலே 90 டிகிரி எண்ணெய் ஊற்றி, கையால் திருகி மூடுகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் பட்டன் எல்லாம் உள்ளே அமுங்கித்தான் இருக்கிறது. லேபிள் ஒட்டி ஜோஹானஸ்பர்க் அனுப்பினால் அங்கே பத்துக்கு ஒன்றிரண்டு பட்டன் மேலே எழும்பி நிற்கிறது, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார். திறந்து பார்த்தால் நுரை இல்லை, புளித்த வாடை இல்லை, பிஎச் 3.4.

லேபிள் கன்வேயர் நிமிடத்துக்கு 30 ஜாடி ஓடும். அதன் மேல் ஒரு ஸ்பிரிங் கை, நுனியில் சின்னக் காந்தம், பக்கத்தில் காந்தம் நகர்வதை உணரும் ஹால் சென்சார். கை பட்டன் குழிக்குள் இறங்காவிட்டால் அந்த ஜாடியைத் தள்ளிவிடும். மூன்று கேள்வி: மூடி ஏன் இப்படிச் செய்கிறது? இந்தக் கை சரியாக அளக்குமா? இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

மூடிக்காரர்:

அண்ணே, உங்கள் அச்சார் கெடவில்லை, மலையேறியிருக்கிறது.

டர்பன் கடல் மட்டம், வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே 83-தான். ஜாடி கண்ணாடி, சுருங்காது, விரியாது. உள்ளே இருக்கும் அழுத்தம் அப்படியே இருக்கும். பட்டனை அமுக்கிப் பிடிப்பது வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசம், அதைத்தான் வாக்குவம் என்கிறோம். டர்பனில் 25 கிலோபாஸ்கல் வாக்குவம் இருந்தால் உள்ளே 76. வான் ரீனன் கணவாய் ஏறி மேலே போனதும் அந்த 25-இல் மிஞ்சுவது 7. லாரிக்குள் 35 டிகிரி ஆனால் உள்காற்றும் விரிந்து, நீராவியும் சேர்ந்து, உள் அழுத்தம் 83-ஐத் தொடும். அதோடு வாக்குவம் பூஜ்யம்.

ஆகவே டர்பனில் பட்டன் அமுங்கியிருப்பதை மட்டும் நம்பி அனுப்பக்கூடாது. கடல் மட்டத்தில் 40-க்குக் குறையாமல் பிடித்தால் மேலேயும் 20-க்குப் பக்கம் நிற்கும்.

ஏன் குறைகிறது என்றால், நிரப்பும் முறையில்தான் கோளாறு. சூடாக நிரப்பும் ஜாடியில் வாக்குவம் இரண்டு வழியில் உண்டாகிறது: மேல்வெளியில் (சரக்குக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள இடம்) இருக்கும் நீராவி குளிர்ந்து நீராகிறது, உள்ளடக்கம் சுருங்குகிறது. 350 மி.லி. சரக்கு 85 டிகிரியில் மூடி 20-க்கு வந்தால் 10 மி.லி. போலச் சுருங்கும், அது நல்ல இழுப்பு. உங்கள் மாங்காயோ குளிர்ந்தே கிடக்கிறது. மேலே கொஞ்சம் சூடான எண்ணெய், அவ்வளவுதான். அதிலும் எண்ணெய் மேலே மிதந்து மூடிக்கொள்வதால் கீழேயிருக்கும் நீர் ஆவியாகி மேல்வெளியை நிரப்ப வழியில்லை. உள்ளே அடைபடுவது வெறும் சூடான காற்று. துண்டுகளுக்கு இடையில் சிக்கிய காற்றும் மெல்ல மேலே வந்து சேரும்.

இன்னொன்று, வாய் விளிம்பு. எண்ணெய் ஊற்றும்போது ஒரு சொட்டு விளிம்பில் வழிந்தாலும் மூடி வழுக்கி அளவுக்கு மீறித் திரும்பும், காது மடங்கும். ஒரு கடுகுத்தோல் சிக்கினால் அங்கேயே காற்று கசியும். விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

இறுக்கத்தைப் பார்க்க: மூடி மேலும் கண்ணாடி மேலும் சேர்த்து ஒரே நேர்கோடு போடுங்கள். வாக்குவம் உடையும்வரை திறந்து, பிறகு இரண்டு விரலால் ரப்பர் லேசாகத் தொடும்வரை மட்டும் திருகுங்கள். மூடிக் கோடு கண்ணாடிக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் பிடி இருந்தது. தாண்டிப் போனால் முதலில் இறுக்கவே இல்லை என்று அர்த்தம். மூடிய மறுநாள் பத்து ஜாடியில் செய்து, தூரத்தை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மூடி விற்றவரின் விவரத்தாளில் இருக்கும். அதே தாளில் எண்ணெய்ச் சரக்குக்கு உகந்த பூச்சா என்றும் பாருங்கள். சாதாரண பிவிசி பூச்சை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் எண்ணெயில் இறங்கும்.

லைன்_வயர்மேன்:

கையைப் பற்றி. ஸ்பிரிங் கை வேலை செய்யும், ஆனால் இப்படி இல்லை.

பட்டன் ஏறி இறங்குவது சுமார் ஒரு மில்லிமீட்டர். ஜாடிக்கு ஜாடி உயர வேறுபாடும் கிட்டத்தட்ட அதே அளவு. கன்வேயர் தட்டிலிருந்து உயரம் அளந்தால் குட்டை ஜாடியில் எழும்பிய பட்டன் "நல்லது" என்று தப்பிக்கும், நெட்டை ஜாடியில் அமுங்கிய பட்டன் மாட்டிக்கொள்ளும். மூடியின் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்க வேண்டும்.

தொடாமலே செய்யலாம். எம்12 அளவு, உலோகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று 4 மி.மீ. வரை படிக்கும் அனலாக் இண்டக்டிவ் சென்சார் ஒன்று போதும். மூடிக்கு மேல் 2 மி.மீ. விட்டு நடுக்கோட்டில் பொருத்துங்கள். 150 மி.மீ.க்கு ஒரு ஜாடி, நிமிடத்துக்கு 30 என்றால் பெல்ட் வேகம் நொடிக்கு 75 மி.மீ.; 63 மி.மீ. மூடி கடக்க 0.84 நொடி. நொடிக்கு 200 முறை படித்தால் ஒரு மூடிக்கு 168 புள்ளி கிடைக்கும். முன் ஓரம், நடு, பின் ஓரம். இரண்டு ஓரங்களின் சராசரியிலிருந்து நடுவைக் கழியுங்கள். ஜாடி உயர வேறுபாடும் கழிந்துவிடும், சாய்ந்து வந்தாலும் அதுவும் கழிந்துவிடும். ஓரத்தில் சுருட்டிய விளிம்பை எடுக்காதீர்கள், அதற்கு உள்ளே இருக்கும் தட்டைப் பகுதியை எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அலுமினிய மூடிக்கு மாறினால் இதே சென்சார் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் பார்க்கும், மறுபடி அளவு போட வேண்டும். ஜாடி முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் நல்ல ஜாடியும் தள்ளப்படும்.

ஆனால் மூடிக்காரர் சொன்னதைப் பார்த்தால் இதுவும் பாதிதான். உங்கள் ஜாடி எல்லாம் டர்பனில் தேறிவிடும். ஜோஹானஸ்பர்க்கை இங்கேயே கொண்டுவர வேண்டும். பாலிகார்பனேட் டெசிகேட்டர் (காற்றை இழுத்தெடுக்கக்கூடிய மூடிய பாத்திரம்) ஒன்று, பிரேக் எண்ணெய் இறக்கும் கைப் பம்ப் ஒன்று. ஜாடியை உள்ளே வைத்து 18 கிலோபாஸ்கல் இழுங்கள், எந்தப் பட்டன் "டிக்" என்கிறது என்று கேளுங்கள். கோடை லாரிக்காக 25 வரை இழுத்தாலும் நல்லது. ஒவ்வொரு தொகுதியிலும் 20 ஜாடி. லைனிலேயே எல்லா ஜாடிக்கும் வேண்டுமென்றால் மூடியின் மேல் மட்டும் அமரும் ரப்பர்க் கிண்ணம் வைத்து, அதே அளவு இழுத்து, சென்சாரால் பட்டனைப் பார்க்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பட்டன் எழும்பும் அளவும் திரும்ப அமுங்கும் அளவும் ஒன்றல்ல. இழுப்பை விட்டதும் அது மீண்டும் அமுங்கிவிடலாம். இழுத்துக்கொண்டிருக்கும்போதே படியுங்கள்.

பதிவேடு_பிரிட்டோரியா:

மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டிருக்கலாம், தம்பி. ஏனென்றால் நீங்கள் இங்கே எழுதியதே வெளியீடு.

தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டம் 1978-ஆம் ஆண்டின் 57-ஆம் எண். புதுமை என்றால் உலகத்தில் எங்கும், எந்த வழியிலும் பொதுமக்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஸ்பிரிங் கை, காந்தம், ஹால் சென்சார் மூன்றையும் திறந்த பலகையில் போட்டாயிற்று. வயர்மேனின் ரப்பர்க் கிண்ணமும் அதே கணக்கில் போயிற்று. நியாயமான தொழில்நுட்பச் சோதனைக்குச் சட்டம் கொஞ்சம் விலக்கு தருகிறது, ஆனால் பலகையில் எழுதுவது சோதனை ஆகாது. வெளியே யாருக்கும் சொல்லாமல் வியாபார அளவில் இங்கே ஓட்டினாலும் புதுமை போய்விடும். "முதலில் ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்போம்" என்பது ஆபத்து.

போனது பெரிய நஷ்டமும் இல்லை. மூடிக் குழியை அளந்து வாக்குவம் பார்ப்பதும், மூடியைத் தட்டி ஒலியைக் கேட்பதும் பல பத்தாண்டுப் பழக்கம். பழைய காப்புரிமைகள் காலாவதியானவை, அவற்றில் இருப்பதை நீங்கள் தாராளமாக எடுத்தாளலாம். எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். வகுப்பெண்கள்: மூடிகளுக்கு பி65டி 41, 51, உருவ மாற்றத்தை வைத்துக் கசிவு பார்ப்பதற்கு ஜி01எம் 3/36. சொல்லை வைத்துத் தேடுவதைவிட வகுப்பெண்ணை வைத்துத் தேடினால் ஜப்பான், ஜெர்மனி ஆவணமும் கையில் வரும்.

இன்னும் சொல்லாத ஏதாவது இருந்தால் வாயைத் திறக்காமல் சிஐபிசியில் (காப்புரிமை பதியும் அரசு அலுவலகம்) தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். படிவம் பி1, பி3, விவரிப்புக்கு பி6. இதை நீங்களே செய்யலாம். 12 மாதத்துக்குள் முழு விவரிப்பு தர வேண்டும், அதில் காப்புரிமை வழக்கறிஞர் கையெழுத்து கட்டாயம். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் அதே 12 மாதம்தான். தற்காலிக விவரிப்பில் வெறும் எண்ணத்தை எழுதாதீர்கள். பாகங்களுக்கு எண் போட்ட படம், ஒவ்வொன்றின் வேலை, மாற்று வடிவங்கள் எல்லாம் வேண்டும். அதில் எழுதாததைப் பிறகு சேர்த்தால், அதற்கு முதல் விண்ணப்பத் தேதி கிடைக்காது.

சிஐபிசி புதுமையை ஆராய்வதில்லை, படிவம் சரியா என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்யும். கையில் சான்றிதழ் வந்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். செல்லுமா செல்லாதா என்பது யாராவது எதிர்த்து வழக்குப் போடும்போதுதான் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு: கருவியின் பாகத்துக்கு வேலையோடு ஒட்டிய தனி உருவம் இருந்தால், காப்புரிமைக்குப் பதில் அந்த உருவத்தைப் பயன்பாட்டு வடிவமாக (பங்க்ஷனல் டிசைன்) பதியலாம். 10 வருடப் பாதுகாப்பு, வெளியிட்ட 6 மாதத்துக்குள் போட்டால் போதும். உருவத்தை நீங்கள் இன்னும் இங்கே காட்டவில்லை, காட்டவும் வேண்டாம்.

அச்சார்_சாட்ஸ்வர்த்:

எல்லோருக்கும் நன்றி. இனிப் படம் எதுவும் போடமாட்டேன். மூடிக்காரரே, மாங்காயை 85-க்குச் சூடாக்கினால் குழைந்துவிடும், வாங்குபவர் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். வேறு வழி?

மூடிக்காரர்:

மாங்காயைச் சூடாக்க வேண்டாம், மேல்வெளிக்கு நீராவி கொடுங்கள். சின்ன பாய்லர், 5 மி.மீ. செப்புக் குழாய் முனை. ஒரு கையால் மேல்வெளிக்குள் இரண்டு நொடி அடித்து, முனையை எடுத்த அதே நொடியில் மறு கையால் மூடுங்கள். ஜாடி குளிர்ந்திருப்பதால் தாமதித்தால் ஆவி அங்கேயே நீராகிக் காற்று திரும்ப நுழையும். மேல்வெளிக் காற்றில் பாதியை விரட்டினாலே 50 கிலோபாஸ்கல் பக்கம் வரும். மூடியையும் அதே ஆவியில் காட்டினால் பூச்சு இளகி விளிம்பில் படியும்.

குழாயில் ஆவியோடு வரும் நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறி வைத்து உலர்ந்த ஆவியாக அடியுங்கள். முதல் சில நொடி வரும் ஈர ஆவியை வெளியே விட்டுவிடுங்கள். எண்ணெய் மேல் நாலு சொட்டு நீர் நின்றால் பூஞ்சை பூக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிரப்பியதும் ஜாடியை இரண்டு தட்டுத் தட்டி, துண்டுகளுக்கு இடையில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். 20 ஜாடி இப்படி, 20 ஜாடி பழைய முறையில், மறுநாள் இரண்டையும் டெசிகேட்டரில் 25 வரை இழுத்துப் பாருங்கள்.