பெரோவின் 'திரோய்க்கா': முகத்துக்கு முன்னால் பீப்பாயைப் பாருங்கள்

ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவ் 1866-இல் வரைந்த 'திரோய்க்கா'வில் மூன்று பிள்ளைகள் பனியில் ஒரு சறுக்கு வண்டியை இழுக்கிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நடுவிலிருக்கும் பையனின் முகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மனம் இளகுகிறது, அதோடு சரி. அந்த முகத்துக்குக் கடைசியில் வரலாம். முதலில் பின்னாலிருக்கும் பீப்பாயைப் பாருங்கள்.

சறுக்கு வண்டியில் பெரிய தண்ணீர்ப் பீப்பாய். மேலே பாயைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அப்படியும் தளும்பி வழிந்த தண்ணீர் பீப்பாயின் பக்கத்திலேயே உறைந்து கூர்கூராகத் தொங்குகிறது. குளிர் எவ்வளவு என்பதற்கு இதுவே போதும். பின்னால் ஓர் ஆள் குனிந்து தள்ளுகிறார். அவர் தள்ளியும் மூன்று பிள்ளைகளும் உடம்பையே முன்னால் சாய்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. காற்றில் விலகும் மேல்சட்டையைச் சரிசெய்யக் கை ஒழியவில்லை. பாரம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு முகத்துக்கு வந்தால், பையனின் திறந்த வாய் இரக்கம் கேட்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்று புரியும்.

கைபேசித் திரையில் இவை கண்ணுக்குத் தப்பிவிடும். மூல ஓவியம் சுமார் 123 செ.மீ. உயரம், 167 செ.மீ. அகலம்; சாம்பலும் பழுப்புமான நிறங்கள். சிறிய பிரதியில் தள்ளுகிற ஆள் இருட்டோடு கலந்துவிடுவார். பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

இவர்கள் தங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிள்ளைகள் என்று நினைப்பது தவறு. தொழில் பழகும் பிள்ளைகள் தண்ணீர் இழுக்கிறார்கள் என்று தலைப்பின் பிற்பகுதியே சொல்கிறது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861-இல் ஒழிந்தபிறகும் கிராமத்துப் பிள்ளைகளை நகரத்துப் பட்டறைகளுக்குத் தொழில் பழக அனுப்பினார்கள். அங்கே எடுபிடி வேலையும் அவர்கள் தலையில்தான். மூன்று குதிரை பூட்டும் வண்டிக்குத்தான் திரோய்க்கா என்று பெயர்; இங்கே குதிரைகளின் இடத்தில் பிள்ளைகள்.

நடுப்பையனுக்கு மாதிரியாக இருந்தவன் வாஸ்யா. தாயோடு புனித யாத்திரை போய்க்கொண்டிருந்தபோது பெரோவ் கண்ணில் பட்டவன். பின்னாளில் அவன் பெரியம்மை நோயில் இறந்துபோக, தாய் இருந்ததையெல்லாம் விற்றுப் பணத்தோடு ஓவியத்தை வாங்க வந்தார். அது அதற்குள் ஓவியங்களைச் சேகரித்த திரெத்தியாக்கோவ் கையில். பெரோவ் அந்தத் தாயை அங்கே அழைத்துப்போனார். பிறகு பையனின் உருவப்படம் ஒன்றை வரைந்து அனுப்பினார். உருக்கமான செய்திதான். ஆனால் அந்தச் சாவு ஓவியத்துக்குப் பிறகு நடந்தது. அதை 1866-இன் தூரிகைக்குள் தேடக்கூடாது.

இதைத் தடைசெய்யப்பட்ட கலகப்படமாகச் சொல்வதும் பொருந்தாது. கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது 1861-இல் அவர் வரைந்த ஈஸ்டர் ஊர்வல ஓவியம். 'திரோய்க்கா'வுக்கோ அரச கலைக் கழகம் 1866-இலேயே அவருக்கு அகாதெமீசியன் (கழகம் ஓவியர்களுக்குத் தரும் தகுதிப் பட்டம்) பட்டமே கொடுத்தது.